பின்சீட்டில் ஒரு சுற்று

கேள்வி கேட்க வருகிறவர் எங்கே உட்கார வேண்டும் என்பதை மங்கைத்தாயிதான் சொல்வார். காரவள்ளியில், கொல்லிமலைப் பாதை ஏறத் தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஓட்டு வீட்டுக்கு வேறு சட்டதிட்டம் எதுவும் கிடையாது. ஒருவரைக் கிணற்று மேட்டில் உட்காரச் சொல்வார். இன்னொருவரைச் சுவரைப் பார்த்து உட்காரச் சொல்வார். பதில் முடிகிற வரை எழுந்திருக்கக் கூடாது.

தாயிக்கு நாற்பது வயது இருக்கும். வருகிறவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். செங்கோடனும் அப்படித்தான். நாமக்கல்லில் பைப் கடை வைத்திருந்தார். ஞாயிறு தவறாமல் வந்து தியானத்தில் உட்காருகிற பழைய சீடர்.

அன்று ஞாயிறு இல்லை. அவர் தனியாகவும் வரவில்லை.

"கேள்வி கேக்க வந்தேனுங்க தாயி."

"வண்டியோடவா?"

"வண்டியைப் பத்தித்தானுங்க."

வாசலில் அடர் சிவப்பில் ஒரு கார் நின்றது. அதன் முதுகு பின்பக்கம் சரிந்து இறங்கியிருந்தது. நின்றுகொண்டிருக்கும்போதே ஓடுவது போலத் தெரிந்தது. பக்கத்தில் ஷோரூம் பையன் இர்ஃபான், கழுத்துப்பட்டையைத் தளர்த்தியபடி.

"பேமிலி காரு மேடம். ஆனா பார்த்தா ஸ்போர்ட்ஸ் காரு. அஞ்சு பேரு தாராளமாப் போலாம். ஏர்பேக்கே ஆறு இருக்கு."

செங்கோடன் சும்மா வந்துவிடவில்லை. டயரை உதைத்துப் பார்த்திருந்தார். பானெட்டைத் திறந்து பார்த்திருந்தார். டிக்கியில் எத்தனை பெட்டி போகும் என்று கேட்டிருந்தார். பின்கதவைக் குழந்தைகள் உள்ளிருந்து திறக்க முடியாதபடி பூட்டிவைக்கலாம் என்று இர்ஃபான் காட்டியபோது, "இது நல்ல விஷயம்ப்பா, போட்டே வை" என்றிருந்தார். பைபாஸில் இரண்டு முறை விரட்டியும் பார்த்தாகிவிட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தெரிந்துகொள்ள முடிகிறதை எல்லாம் தெரிந்துகொண்டிருந்தார்.

"அப்புறம் என்ன கேள்வி?"

செங்கோடன் செருப்பைப் பார்த்தார்.

"இதுல எங்க வீட்டுக்காரியும் பையனும் ஏறுவாங்களா தாயி?"

போன தை மாதம் மூவருமாக அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு மலை ஏறினார்கள். வழியில் பையன் வாந்தி எடுத்தான். செங்கோடன் முன்னால் போன வேனை முந்துவதில் மும்முரமாக இருந்தார். அடுத்த வளைவில் மனைவி பூங்கோதை நிறுத்தச் சொன்னாள். பையனைக் கையில் பிடித்து இறங்கினாள். பஸ் பிடித்துக் கீழே போய்விட்டாள். அதன் பிறகு இருவரும் அவர் வண்டியில் ஏறவில்லை. ஆணியிலிருந்து அவர் சாவியை எடுக்கும் சத்தம் கேட்டால் பையன் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வான்.

புது வண்டிப் பேச்சை எடுத்ததும் பூங்கோதை சண்டை போடவில்லை. "எது வேணா வாங்கிக்கங்க. நாங்க பஸ்ல போயிக்கறோம்" என்றாள். அந்த 'நாங்க'வில் தான் இல்லை என்பது செங்கோடனுக்கு உறைத்தது. இன்றைக்கு பஸ். நாளைக்கு வீடே இரண்டாகிவிடுமோ என்று அவருக்குத் தூக்கம் போயிற்று.

"பழைய வண்டிங்க தாயி. வளைவுல ஆடும். அதுல பயந்துட்டாங்க. இது ஆடாதுங்க."

தாயி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். செங்கோடன் ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்துவிட்டார்.

"உக்காருங்க தாயி. நான் ஓட்டறேன். நீங்க பார்த்துச் சொல்லுங்க."

"கேட்டது யாருங்கண்ணா?"

"நானுங்க."

"அப்ப நீங்க இங்க உக்காருங்க."

செங்கோடன் பின்சீட்டில் உட்கார்ந்தார். தலை கூரையில் இடித்தது. தாயி கதவைச் சாத்தினார். அந்த நொடியில் காக்கைச் சத்தம், மரம் அசையும் சத்தம், எல்லாம் யாரோ வாயைப் பொத்தியது போல நின்றது.

வெளியே இர்ஃபான் பதறுவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. கம்பெனி ஆள் இல்லாமல் வண்டியைக் கொடுக்கக் கூடாது என்றிருப்பான். தாயி கொய்யா மரத்தைக் காட்டினார். அவன் போய் அதன் அடியில் உட்கார்ந்தான். ஏன் உட்கார்ந்தோம் என்று அவனுக்கே தெரியவில்லை போலிருந்தது.

தாயி ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

"தாயிக்கு ஓட்டத் தெரியுங்களா?"

"பார்ப்போம்."

முதல் சில கொண்டை ஊசி வளைவுகளைக் கார் வழுக்கிக்கொண்டு கடந்தது. ஆட்டமே இல்லை. செங்கோடனுக்குத் திருப்தியாக இருந்தது. ஜன்னல் சின்னது, உயரத்தில் இருந்தது. பாறையும் மரக்கிளையும் மட்டும் தெரிந்தன. வானம் மூடிக்கொண்டு வந்தது.

டிங், டிங் என்று மணி அடித்தது. முன்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பவர் பெல்ட் போடவில்லை என்று அர்த்தம்.

அந்த சீட்டில் யாரும் இல்லை.

"தாயி, அங்க பையி ஏதாச்சும் வச்சிருக்கீங்களா?"

வேகம் கூடியது. அடுத்த வளைவில் அவர் உடம்பு கதவோடு போய் மோதியது. ஆளில்லாத அந்த முன்சீட்டுக்கு மேலே இருந்த கைப்பிடி இழுபட்டு இறங்கி, அப்படியே நின்றது. கண்ணாடி வளையல்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் அங்கிருந்து கேட்டது. தாயி வளையல் போடுவதில்லை.

"கொஞ்சம் மெதுவாங்க தாயி."

இன்ஜின் உறுமியது. புது சீட்டின் வாசனையோடு புளித்த வாந்தி நாற்றம் கலந்து வந்தது. ஏதோ ஒன்று அவர் இடுப்புப் பக்கம் சட்டையைப் பற்றியது. சின்னக் கை. விரல்கள் துணியைச் சுருட்டிச் சுருட்டி இறுக்கின. செங்கோடன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பக் கழுத்து வரவில்லை.

"மெதுவாப் போங்கன்னு சொல்றேன்ல!"

"சும்மா இரு. வண்டி என் கையில இருக்குது."

அது தாயியின் குரல் இல்லை. ஆம்பளைக் குரல். போனில் பதிவு செய்த தன் பேச்சைக் கேட்டால் யாரோ மாதிரி இருக்கும். கொஞ்சம் தாமதமாகத்தான் ஆள் தெரியும். செங்கோடனுக்கும் தாமதமாகத்தான் தெரிந்தது.

நடுக் கண்ணாடியைப் பார்த்தார். தாயியின் கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் வேறு கண்கள் இருந்தன. இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. தினமும் சவரம் செய்கையில் பார்க்கிற தழும்பு. அந்தக் கண்களில் கோபம் இல்லை, கெட்ட எண்ணம் இல்லை. அவை சந்தோஷமாக இருந்தன. ஒரு தடவைகூடப் பின்னால் பார்க்கவில்லை.

செங்கோடன் கதவைப் பிடித்து இழுத்தார். திறக்கவில்லை. தோளால் இடித்தார். திறக்கவில்லை. வளைவுக்கு மேலே பலாப்பழம் ஏற்றிய லாரி இறங்கிக்கொண்டிருந்தது. கார் அதற்கும் பாறைக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்துச் சீறியது. சட்டையைப் பற்றிய கை இன்னும் இறுகியது.

"நிறுத்துங்க! நாங்க இறங்கிக்கறோம்!"

கத்தியது தானா, பூங்கோதையா என்று அவருக்குப் புரியவில்லை.

கார் நின்றது. லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இறங்கிப் போயிற்று. மணிச்சத்தம் இல்லை. பின்கதவு வெளியிலிருந்து திறந்தது. ரோட்டோரத்தில் தாயி நின்றிருந்தார். முன்கதவு திறந்த சத்தம் செங்கோடனுக்குக் கேட்கவே இல்லை.

இறங்கினார். தடுப்புச் சுவர் வரை போய் நின்றார். இடுப்புப் பக்கம் சட்டை, ஒரு சின்னக் கை அளவுக்குக் கசங்கி ஈரமாக இருந்தது.

"வண்டி எப்படீங்கண்ணா?"



"வண்டிக்கு ஒரு குறையும் இல்லீங்க. ஆடவே இல்லீங்க."

"ம்."

"யாருங்க தாயி ஓட்டுனது?"

மலையில் ஒரு குருவிகூடக் கத்தவில்லை. கார் இன்ஜின் மட்டும் சன்னமாக ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் சீட் பக்கம் பார்க்காமல் செங்கோடன் கேட்டார்.

"இதை வாங்கினா அவங்க ஏறுவாங்களா தாயி? அதை மட்டும் சொல்லிடுங்க."

தாயி டிரைவர் சீட் பக்கம் குனிந்து, உள்ளே இருப்பவர் சொல்வதைக் கேட்பது போல ஒரு கணம் நின்றார். பிறகு பின்கதவை இன்னும் அகலமாகத் திறந்து பிடித்தார்.

"கீழ வரைக்கும் அவரே ஓட்டிட்டு வர்றேங்கறாரு. நீங்க ஏறுங்கண்ணா."