நல்லாருக்கு சார்

"இனிமே நான் வரலை சார்" என்றார் ஆறுமுகநயினார்.

பக்கீர் மைதீன் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

நயினார் கோவில்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாற்று வாத்தியார். ஓய்வு பெறும் வயதை நெருங்கிவிட்டவர். பக்கீர் அவரைவிட ரொம்ப இளையவர். பிறவியிலேயே பார்வை கிடையாது. பார்வையில்லாத பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரை வைத்து எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று வாத்தியார்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர். சனிக்கிழமைதோறும் வகுப்பு. ஆரம்பத்தில் ஒரு கூட்டமே வந்தது. மழைக்காலம் முடிவதற்குள் நயினார் மட்டும்தான் மிச்சம்.

அவர் விடாமல் வந்ததற்குக் காரணம் செண்பகவல்லி. ஒன்பதாம் வகுப்பு. கண் தெரியாது. இந்தப் பிள்ளையை இங்கே வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தலைமையாசிரியர் இழுத்தபோது, அவளுக்கு நான் பொறுப்பு என்று நயினார் எழுந்து நின்று சொல்லிவிட்டார். உட்கார்ந்த பிறகுதான், கம்ப்யூட்டரை எங்கே தட்டினால் உயிர் வரும் என்பதுகூடத் தனக்குத் தெரியாது என்று உறைத்தது.

சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் பாடுபட்டார். எழுத்தைக் குரலாக வாசித்துக் காட்டும் மென்பொருளை இயக்கப் படித்தார். தமிழில் டைப் அடிக்கப் படித்தார். ஒற்றை விரலால்தான், ஆனாலும் அடித்தார்.

இவ்வளவு சொல்லித் தருகிறவருக்குத் தன்னால் ஆனதைச் செய்ய வேண்டுமே. அதனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் வகுப்புக்கு முன்னால் அன்றைய பேப்பரை விரித்து, தலைப்பு முதல் ராசிபலன் வரை நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டுவார். பக்கீர் கையைக் கட்டிக்கொண்டு கேட்பார்.

இன்றைக்கும் பேப்பர் கக்கத்தில் இருந்தது. பிரிக்கவில்லை.

என்ன நடந்தது என்று பக்கீர் கேட்டார்.

செண்பகவல்லி நேற்று டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டாள். இனி வீடுதான். வேறு பள்ளிக்கூடம் தேடுகிற வீடில்லை அது. அரையாண்டுத் தேர்வில் அவள் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஆள் போட்டிருந்தார்கள். எழுத வந்தவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவள் வாயைத் திறக்கவில்லை.

இத்தனைக்கும் பாடம் பாடமாகத் தயார் செய்து, சாப்பாட்டு நேரத்தில் கம்ப்யூட்டரைத் திறந்து, அவள் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டுத்தான் நயினார் சாப்பிடவே போவார். மணியடிக்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருப்பாள். சாப்பிட்டு வந்து வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். கேட்டியாம்மா என்பார். நல்லாருக்கு சார் என்பாள். எல்லா நாளும் அதே பதில்தான்.

"கடைசியில நானே சொல்லிட்டேன் சார். அவ அம்மா முன்னால, அவளும் நிக்கிறப்பவே சொன்னேன். இந்தப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாதுன்னு."

"அவ என்ன சொன்னா?"

"கேட் வரைக்கும் போனவ, அம்மா கையை விட்டுட்டுத் திரும்பி வந்தா. உங்க பாடம் எல்லாம் ரொம்ப நல்லாருந்துச்சு சார்னா. அதைத்தான் என்னால தாங்க முடியலை."

பக்கீர் கையை நீட்டினார்.

"அவளுக்குப் போட்ட பாடமெல்லாம் இருக்கிற பென் டிரைவைக் குடுங்க."

பக்கீரின் சொந்தக் கம்ப்யூட்டருக்குத் திரை கிடையாது. பெட்டியும் விசைப்பலகையும் மட்டும்தான். பென் டிரைவைச் செருகிவிட்டு, ஹெட்போனை நயினாரிடம் கொடுத்தார்.

"படம்" என்றது குரல்.

நயினார் அடுத்த பக்கத்துக்குத் தட்டினார்.

"படம்."

அதற்கடுத்த பக்கமும் படம். வேறு பாடத்தைத் திறந்தார். அதிலும் படம், படம் என்றுதான் சொன்னது.

ஹெட்போனைக் கழற்றி, மெஷினில் கோளாறா என்று கேட்டார். இல்லை என்றார் பக்கீர். எப்படித் தயார் செய்தீர்கள் என்று கேட்டார்.

நயினார் சொன்னார். ஒற்றை விரலால் ஒரு பாடத்தை அடித்து முடிப்பதற்குள் வகுப்பில் அடுத்த பாடம் முடிந்துவிடுகிறது. பிள்ளை காத்திருக்கிறாளே என்று புத்தகத்தைப் போனில் பக்கம் பக்கமாகப் போட்டோ பிடித்துச் சேர்த்துவிட்டார். கம்ப்யூட்டரில் திறந்தால் எழுத்து பளிச்சென்று இருந்தது. ஒரு வரிகூடக் கோணல் இல்லை. ஆனால் வாசித்துக் காட்டும் மென்பொருளுக்கு அது எழுத்தில்லை, வெறும் படம்.

செய்து முடித்ததும் திரையை அணைத்துவிட்டு ஒரு தரம் காதால் கேட்க வேண்டும். முதல் நாளே பக்கீர் சொன்னதுதான். நயினார் ஒரு நாளும் கேட்கவில்லை. கண்ணுக்கு எதிரே எழுத்து அவ்வளவு தெளிவாக இருந்ததால் கேட்கத் தோன்றவில்லை.

நாற்காலியில் அப்படியே சரிந்தார். பருவம் முழுக்க அந்தப் பிள்ளை காதில் இந்த ஒற்றை வார்த்தையை மாட்டிவிட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போயிருக்கிறார். அதை நினைக்க நினைக்கத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

"அவ என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார். மாத்திக் குடுத்திருப்பேனே. ஏன் நல்லாருக்குன்னு சொன்னா?"

பக்கீர் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பேப்பர் கொண்டாந்திருக்கீங்களா?"

"சார்?"

"வாசிங்க."

நயினாருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பிரித்தார்.

"விளாத்திகுளம் வட்டாரத்தில் மிளகாய் விலை..."

"சரிவு. விவசாயிகள் கவலை" என்றார் பக்கீர். "அடுத்தது, பஸ் ஸ்டாண்டுக்குள்ள மாடு புகுந்து ரெண்டு பேருக்குக் காயம். உள்ள ராசிபலன். உங்க ராசிக்கு அலைச்சல்."

நயினார் புரட்டிப் பார்த்தார். அலைச்சல் என்றுதான் போட்டிருந்தது.

"எப்படி சார்?"

"விடியக்காலமே இந்தப் பேப்பரைப் போன்ல வாசிக்க விட்டுக் கேட்டு முடிச்சிருவேன்."

"இன்னைக்கா?"

"தினமும்."

நயினார் பேப்பரைக் கீழே வைத்தார்.

"அப்ப நான் வாசிச்ச அத்தனை சனிக்கிழமையும்?"

"ஆமா சார்."

"ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?"

பக்கீர் மைதீன் கையை நீட்டித் தடவி, அந்தப் பேப்பரை எடுத்து, மடிப்புக் கலையாமல் மடித்தார்.

"எனக்குன்னு ஒக்காந்து பேப்பர் வாசிக்க இதுவரைக்கும் யாரும் வந்ததில்லை சார். சொன்னா நிறுத்திருவீங்கன்னு பயமா இருந்துச்சு."