கேட்காமல் வந்த வரிசை

ரெஜினா டீச்சரைக் கடைசியாக உயிரோடு பார்த்த அன்று நல்ல மழை. குடை இருந்தும் நனைந்து வந்திருந்தார்.

என்னைவிட இருபது வயது இளையவர். கணினியில் எனக்குத் தெரிந்ததெல்லாம் நானே தட்டுத்தடுமாறிக் கற்றது. தெரியாததை அவரிடம் கேட்பேன். அதனால் டீச்சர்.

எங்கள் செயற்கைக்கால் நிலையத்தில், காத்திருப்பவர்களின் பட்டியலைக் காட்டும் புரோகிராம் நான் எழுதியது. பதினோரு வருடம் ஓடியது. அந்த வாரம்தான் அதன் அடியிலிருந்த பழைய தரவுத்தளத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைத்திருந்தேன்.

"டீச்சர், புதுசு சரியில்ல."

"என்ன செய்யுது?"

"ஆளுங்கள இடம் மாத்தி நிறுத்துது. மாசானமுத்து முதல் ஆள். இப்ப அறுபத்து மூணாவது. நாளைக்கு நாப்பது பேருக்குத்தான் அளவெடுப்பாங்க."

மாசானமுத்து வராந்தாவில்தான் இருந்தார். ஒற்றைச் செருப்பு. ஏழு மாதமாக வருகிறார்.

"சார், உங்க மெஷின் என்னைய முந்தி ஓடுதாமே? அதுக்கு ரெண்டு காலும் இருக்கோ?" என்றார் அங்கிருந்தே.

டீச்சர் சிரித்தார். என் பக்கம் திரும்பினார்.

"வரிசையா கொடுன்னு எந்த இடத்துல கேட்டிருக்கீங்க? காட்டுங்க."

தேடினேன். மேலிருந்து கீழ், கீழிருந்து மேல். மழைச் சத்தத்தில் எழுத்துகள் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் அசைந்தன. அப்படி ஒரு வரி எங்கும் இல்லை.

"பழசு கேக்காமலே கொடுத்துச்சே, டீச்சர்."

அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"விசாலம் அக்கா இருந்தப்போ காப்பி கேட்டு வாங்குவீங்களா?"

"எதுக்குக் கேக்கணும்? எந்திரிச்சா மேசையில இருக்கும்."

என் மனைவி விசாலம் இறந்து அப்போது இரண்டு வருடம்.

"சரி, இனி கேக்குறேன்," என்றேன். "வந்த தேதிப்படி கொடுன்னு."

"தேதி எழுதி வச்சீங்களா?"

இல்லை. பெயர், ஊர், எந்தக் கால். வந்தவர்கள் வந்தபடியே நின்றார்கள். தேதி எதற்கு என்று இருந்துவிட்டேன்.

"அப்ப போச்சு," என்றேன்.

பழைய தரவுத்தளம் இருந்த கணினி மூலையில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அன்று மாலை அதில் உள்ளதையெல்லாம் அழித்து, ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தேன்.

டீச்சர் எழுந்து அந்தக் கணினியிடம் போனார். நனைந்த கைக்குட்டையைப் பிழிந்து அதன் மேல் விரித்தார்.

"நல்லா சூடா இருக்கு," என்றார். "இது காயுற வரைக்கும் அணைக்காதீங்க."

குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கைக்குட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மழை விட்டிருந்தது.

பிறகு பழைய கணினியிடம் போய்ப் பெயர்களைக் கேட்டேன்.

பதிந்த வரிசையிலேயே ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள், ஆற்றைக் கடந்து கரையேறுகிறவர்கள் மாதிரி. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஓர் எண் எழுதினேன். ஒன்று, மாசானமுத்து.

எண்களைப் புதியதில் ஏற்றினேன். இந்த எண்படி கொடு என்று ஒரு வரி சேர்த்தேன். கொடுத்தது.

மறுநாள் மாசானமுத்துக்கு அளவெடுத்தார்கள்.

வியாழக்கிழமை டீச்சர் மாரடைப்பில் இறந்துபோனார்.

பழைய கணினியை அணைத்துவிட்டேன். யாருக்கும் கொடுக்கவில்லை. கைக்குட்டை அதன் மேல் இருக்கிறது. காய்ந்துவிட்டது.