எபனேசரின் வாசிப்புச் சுவர்

எபனேசருக்கு வயது ஐம்பத்து நான்கு. அவருடைய குருவுக்கு முப்பத்தாறு.

தென்காசிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் இருபத்தாறு வருடம் ஓவிய ஆசிரியராக இருந்தவர் எபனேசர். நூலகர் ஓய்வு பெற்றதும் நூலகத்தையும் நீங்களே பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். புத்தகங்களைப் பார்த்து அவருக்குப் பயமில்லை. அங்கே இருந்த நான்கு கணினிகளைத்தான் பார்த்துப் பயந்தார்.

மூன்று ஊர் தள்ளி இன்னொரு பள்ளியில் ரஹ்மத் நிஷா நூலகராக இருந்தார். சனிக்கிழமைதோறும் எபனேசர் பேருந்து ஏறி அவரிடம் போவார். சொல்வதையெல்லாம் கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொள்வார். தன்னைவிடப் பதினெட்டு வயது சின்னவரை எழுந்து நின்று ‘டீச்சர்’ என்பார்.

அப்படிக் கற்றுக்கொண்டுதான் வாசிப்புச் சுவரை அமைத்தார். அது இணையத்தில் ஒரு பக்கம். பிள்ளைகள் கணினியில் தட்டி அதில் ஒரு சீட்டு ஒட்டலாம். படித்த புத்தகத்தைப் பற்றி எழுதலாம். சந்தேகம் கேட்கலாம். பெயர் போட வேண்டியதில்லை. ஒட்டிய மறுநொடி சீட்டின் மேல் ஒரு மஞ்சள் நட்சத்திரம் விழும். ‘அருமை! தொடர்ந்து வாசி’ என்று வரும். அது தானாக விழும்படி எபனேசர் செய்து வைத்திருந்தார்.

வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகள்கூட அந்தக் கணினிகள் முன்னால் வரிசையில் நின்றன. டிசம்பருக்குள் ஆயிரத்து நூறு சீட்டுகள். மாவட்ட அதிகாரி வந்து பார்த்தார். திரைக்குப் பக்கத்தில் எபனேசரை நிறுத்திப் படம் எடுத்தார்கள்.

பொங்கல் விடுமுறைக்குப் பிறகு சீட்டுகள் குறைந்தன. பிப்ரவரியில் ஒரு வாரம் முழுக்க இரண்டுதான் வந்தது.

எபனேசர் குருவிடம் போனார்.

“பிள்ளைங்களுக்கு அது சலிச்சுப்போச்சு டீச்சர். இதைவிட நல்லதா வேற ஏதாவது சொல்லிக்கொடுங்க. வினாடி வினா மாதிரி. இல்ல, வேற எதாவது.”

ரஹ்மத் நிஷா தன் கணினியை அவர் பக்கம் திருப்பினார்.

“உங்க சுவரைத் திறங்க சார். வாசிச்சுக் காட்டுங்க.”

“எதை டீச்சர்?”

“முதல் சீட்டுல இருந்து.”

“ஆயிரத்துக்கு மேல இருக்கே.”

“சனிக்கிழமைதானே சார்.”

எபனேசர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

யானை கடைசிப் பக்கத்தில்தான் வருகிறது, முதலிலேயே வந்திருக்க வேண்டும் என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. பேய்க் கதையைப் படித்துவிட்டுத் தம்பிக்குக் காய்ச்சல் வந்துவிட்டது என்று ஒன்று. இருவரும் சிரித்தார்கள்.

“‘சார், ஜன்னல் பக்கத்து ஃபேன் ஓடல’.” எபனேசர் நிமிர்ந்தார். “ஜூலையில எழுதியிருக்கு.”

“சரி பண்ணிட்டீங்களா?”

“இப்பத்தான் பாக்கேன் டீச்சர்.”

அந்தச் சீட்டின் மேலும் நட்சத்திரம் இருந்தது. ‘அருமை! தொடர்ந்து வாசி’ என்றும் இருந்தது. அதன்பிறகு எபனேசர் சிரிக்கவில்லை.

ஆகஸ்டுக்கு வந்தபோது அவர் குரல் தயங்கியது.

“‘பள்ளிக்கூடம் வராம வீட்ல இருந்தே பத்தாவது பரீட்சை எழுத முடியுமா? அதுக்குப் புத்தகம் இருக்கா சார்?’”

ரஹ்மத் நிஷா, மேலே வாசியுங்கள் என்று கையால் காட்டினார்.

இருபது முப்பது சீட்டுகள் தாண்டி இன்னொன்று வந்தது. பாதியில் நின்றவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்வார்களா? செப்டம்பரில் ஒன்று: படிப்பை நிறுத்தச் சொன்னால் யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும்? பிறகு வெகுநேரம் எதுவும் இல்லை. வெறும் கதைகள், விடுகதைகள். நவம்பரில், ‘பொம்பளப் பிள்ளைக்கு எத்தனை வயசுல கல்யாணம் பண்ணலாம், அது எந்தப் புத்தகத்துல போட்டிருக்கு?’ அதற்கு அடுத்த வாரம், டீசி வாங்காமல் ஒரு வருஷம் லீவு போட முடியுமா என்று ஒன்று.

ஐந்தின் மேலும் மஞ்சள் நட்சத்திரம்.

வாசித்து முடித்தபோது பள்ளி மைதானத்தில் வெயில் இறங்கியிருந்தது. காலையில் வாங்கிவைத்த டீ ஆடை கட்டிக் கிடந்தது.

“ஒரு பிள்ளை என்கிட்ட அஞ்சு தடவை கேட்டிருக்கு டீச்சர்,” என்றார் எபனேசர். “நான் அதிகாரிக்கு எண்ணிக்கை சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்.”

ரஹ்மத் நிஷா கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். “அந்த நட்சத்திரத்தை வைக்கக் கத்துக்கொடுத்தது நான்தான் சார்.”

எபனேசர் அங்கிருந்தே தன் பள்ளியின் வகுப்பாசிரியர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தார். இந்த வருடம் நடுவில் நின்றது ஒரே ஒரு பெண். ஒன்பதாம் வகுப்பு முப்பிடாதி. டிசம்பரில் டீசி வாங்கிப் போய்விட்டாள்.

மறுநாள் கோவில் ஆராதனை முடிந்ததும் அவள் வீட்டைத் தேடிப் போனார். அம்மா வாசலில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். சாரைப் பார்த்ததும் தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்தாள்.

“அவ ராஜபாளையத்துல அவ அக்கா வீட்டுல இருக்கா சார். மூத்தவளுக்குப் பிள்ளை பிறந்திருக்கு, பாக்க ஆளில்ல. எனக்கும் வேற வழி தெரியல.”

“அவகிட்ட ஒரு வார்த்தை பேசலாமா?”

அம்மா போனைப் போட்டுக் கொடுத்தாள். அந்தப் பக்கம் குழந்தை வீறிட்டு அழுதது.

“நான் நூலக சார் பேசுதேன்மா. சுவத்துல நீ எழுதினதை நேத்துத்தான் பாத்தேன். வீட்ல இருந்தே பரீட்சை எழுத முடியுமான்னு…”

“ஆமா சார். ஒருக்கா கேட்டேன். நட்சத்திரம் விழுந்துச்சு.” குழந்தையை எதையோ சொல்லி அமர்த்தினாள். “அவ்வளவுதான் போலன்னு விட்டுட்டேன் சார்.”

“எழுதலாம்மா. தனியா எழுதலாம். என்ன செய்யணும்னு நான் சொல்லுதேன். புத்தகமும் நானே கொண்டாந்து தாரேன்.”

“இப்ப வேண்டாம் சார். இவன் இறக்கிவிட்டா அழுவான். அத்தானும் சத்தம் போடுவாங்க.” கொஞ்சம் நிறுத்தி, “வச்சிரட்டுமா சார்?” என்றாள்.

வைத்துவிட்டாள்.

அம்மா போனை வாங்கிச் சேலை முந்தியில் துடைத்துக்கொண்டாள். “உங்க மேல அவளுக்குக் கோவம்லாம் கிடையாது சார்,” என்றாள்.

எபனேசரால் அடுத்த சனிக்கிழமைவரை பொறுக்க முடியவில்லை. அங்கிருந்து நேரே ரஹ்மத் நிஷாவின் வீட்டுக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமைப் பகலில் தன் மாணவர் வேர்த்துப்போய் வந்து நிற்பதைக் கண்டு அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். தண்ணீர் கொடுத்தார். எபனேசர் குடிக்கவில்லை.

“நாளைக்கு முதல் வேலையா அந்தச் சுவரை எடுத்துடப்போறேன் டீச்சர். நாலு கணினியையும் துணி போட்டு மூடிடுதேன். எனக்கு எதுக்கு இதெல்லாம்? பழையபடி புத்தகத்தை எடுத்துக் கொடுத்து வாங்கி வைக்கேன்.”

“பிள்ளையப் பாத்தீங்களா?”

“போன்ல பேசினேன்.”

“என்ன சொல்லிச்சு? அது சொன்னபடியே சொல்லுங்க.”

எபனேசர் சொன்னார். குழந்தை அழுததைச் சொன்னார். அத்தானைச் சொன்னார். ஒருக்கா கேட்டேன் சார், நட்சத்திரம் விழுந்துச்சு என்று அவள் சொன்னதைச் சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“ஒருக்கான்னா சொல்லிச்சு?”

“ஆமா டீச்சர்.”

ரஹ்மத் நிஷா அவரையே பார்த்தார்.

“நாம நேத்து வாசிச்சது அஞ்சு. மீதி நாலை எழுதினது யாரு சார்?”