தூணிடம் சொன்ன சேதி

முன்னொரு காலத்தில், ஏட்டுச் சுவடிகளைத் தாம் பெற்ற பிள்ளைகளைப் போல் பேணிய ராஜா ஒருவர் இருந்தார். ஒருநாள் அவர் அரண்மனைச் சுவடிச்சாலைக்குப் போனபோது அங்கே ஊழியர்கள் தலைவரைச் சூழ்ந்துகொண்டு ஒரே பேச்சுச் சத்தம். ராஜாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"இனிச் சுவடிச்சாலைத் தலைவர் கேட்டாலன்றி ஊழியர் எவரும் அவரிடம் வாய் திறக்கலாகாது. மீறுவோர் நாடு கடத்தப்படுவர்!" என்று ஆணையிட்டார்.

சுவடிச்சாலைத் தலைவர் வாகீச பண்டிதருக்கு உள்ளூரக் கொண்டாட்டம். ராஜா எதற்கெடுத்தாலும் விகடகவி கூத்தபிரானைக் கூப்பிடுவது அவருக்கு நெடுநாளாகப் பிடிக்கவில்லை.

"மன்னவா, கூத்தபிரானையும் சில காலம் எம்மிடம் ஊழியராக அனுப்பியருள வேண்டும்" என்றார். அவனால் பேசாமல் இருக்க முடியாது, தொலைந்தான் என்பது அவர் எண்ணம்.

கூத்தபிரான் வேலைக்குப் போனான். சுவடிகளுக்கு எண்ணெய் பூசும் காத்தாயி அவனை ஓரமாக அழைத்து மேலே காட்டினாள். பண்டிதரின் ஆசனத்துக்கு நேர் மேலே உத்திரத்தைக் கரையான் அரித்திருந்தது.

"எப்ப விழுமோ தெரியல சாமி. சொன்னா ஊரை விட்டே தொரத்திடுவாங்க, கைக்குழந்தையோட எங்க போவேன்? சொல்லாம இருக்கவும் மனசு கேக்கல."

கூத்தபிரான் கீழே பார்த்தான்; பண்டிதர் அந்த ஆசனத்தில்தான் அமர்ந்திருந்தார். தன்னை ஒழிக்க நினைப்பவர்தான். அதற்காக நசுங்கிச் சாகவா விடுவது? பண்டிதருக்கு முதுகைக் காட்டி நின்று, பக்கத்துத் தூணைக் கட்டிக்கொண்டு கத்தினான்:

"தூணே! உத்திரம் விழப்போகிறது. கீழே இருப்பவர் எழுந்தால் பிழைப்பார்!"

"வாயைத் திறந்துவிட்டாயா! வா ராஜாவிடம்!" பண்டிதர் துள்ளி எழுந்து அவனை வாசலுக்கு இழுத்துப் போனார். படியில் கால் வைப்பதற்குள் பின்னால் இடி விழுந்தாற்போல் சத்தம். ஆசனம் சுக்குநூறாகக் கிடந்தது.

ராஜாவே ஓடிவந்தார். நடந்ததைக் கேட்டு, "ஆணையை மீறினாயா?" என்றார்.

"இல்லை பிரபு. தலைவரிடம் பேசலாகாது என்பதே ஆணை. அடியேன் தூணிடம் பேசினேன். தூண் முறையிட்டால் தண்டனையை ஏற்கிறேன்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பண்டிதர் சிரிக்கவில்லை. தலைகுனிந்து நின்ற காத்தாயியைப் பார்த்து, "உனக்கும் தெரியுமா, அம்மா?" என்றார்.

"தெரியுமுங்க. நீங்க கேக்கவே இல்லீங்களே."

பண்டிதரின் கண்கள் நிறைந்தன. கூத்தபிரானையும் காத்தாயியையும் கைகூப்பி வணங்கினார். "மன்னவா, அந்த ஆணை வேண்டாம்" என்றார். ராஜா ஆணையை நீக்கி, இருவருக்கும் பொற்கடகம் அணிவித்தார்.

மறுநாள் பண்டிதர் ஊழியர்கள் நடுவே தரையில் அமர்ந்து, "ஒவ்வொருவராகச் சொல்லுங்கள்" என்றார். பொழுது சாயும்வரை அவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவரும் கேட்டுக்கொண்டே இருந்தார்.