கரை அடைத்த வெல்லம்

காட்டோரக் குளம் ஒன்றைச் சுற்றி இருபது விலங்குக் குடும்பங்கள் வளை தோண்டிக் குடியிருந்தன. ஐப்பசி மழைக்கு முன்னால் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையில் மண் மிதித்து, ஓட்டைகளை அடைக்க வேண்டும். அது அந்தக் குளத்தின் கட்டுப்பாடு.

இந்த வருஷம் பதினெட்டு வளைகள் காலி. எல்லோரும் மலைக்கு அந்தப் பக்கம் வெல்ல ஆலைக்குப் பிழைக்கப் போய்விட்டார்கள். வாரா வாரம் காக்கா வந்து, அவர்கள் அனுப்பும் வெல்லப் பொட்டலங்களை நாட்டாமைப் பெருச்சாளியிடம் போட்டுவிட்டுப் போகும்.

பெருச்சாளியைத் தவிர ஊரில் மிச்சம் இருந்தவள் செவந்தி முயல். அவள் வளை கரைக்கு நேர் கீழே. உள்ளே கண் திறக்காத மூன்று குட்டிகள். புருஷன் மருதனும் ஆலையில்தான்.

"நாட்டாமை அண்ணே, கரையில தண்ணி கசியுது! ஆளுங்களை வரச் சொல்லுங்க!"

பெருச்சாளி காக்காவிடம் சொல்லி அனுப்பியது. மூன்றாம் நாள் காக்கா திரும்பியது. ஆள் ஒருத்தரும் வரவில்லை. ஆளுக்குப் பதிலாக ஆளுக்கொரு பொட்டலம் வந்தது.

"எங்க வீட்டுக்காரர்?" என்றாள் செவந்தி.

"ரெண்டு பொட்டலம் கொடுத்திருக்கார்" என்றது காக்கா.

செவந்திக்கு அழுகையே வந்துவிட்டது. பெருச்சாளிக்கோ வாயெல்லாம் பல்.

"ஏம்மா கண் கலங்குற? நம்ம குளத்துக்கு இவ்வளவு வரும்படி எந்தக் காலத்துல வந்துச்சு!"

"வெல்லம் மண் மிதிக்குமா அண்ணே?"

"எல்லாம் மிதிக்கும், போ!"

செவந்தி தனியாகவே நாள் முழுக்க மிதித்தாள். நாலு கால் எத்தனை ஓட்டைக்குத்தான் ஓடும்? மறுநாள் காலை மழை பிடித்துக்கொண்டது. மத்தியானம் கரையில் ஒரு ஓட்டை வாய் பிளந்தது. பெருச்சாளி ஓடி வந்து பொட்டலம் பொட்டலமாக வெல்லத்தை அதில் திணித்தது. ஓட்டை அடைபட்டது.

"பார்த்தியா!" என்றது பெருச்சாளி.

செவந்தி பார்க்க நிற்கவில்லை. ஒவ்வொரு குட்டியாகக் கவ்விக்கொண்டு மேட்டுக்கு ஓடினாள். மூன்றாவது குட்டியோடு மேடேறும்போது வெல்லம் கரைந்தது, கரையும் போனது. அவள் வளை இருந்த இடத்தில் தண்ணீர் பாய்ந்து ஓடியது. கொஞ்சம் இனிப்பாக இருந்திருக்கும்.

மழை விட்டபின், வழக்கம்போல் காக்கா வந்தது. குளத்தில் சேறுதான் இருந்தது.

"உங்க வீட்டுக்காரருக்கு ஏதாச்சும் சொல்லணுமா?" என்று செவந்தியிடம் கேட்டது.

"வெல்லம் வந்துச்சு, வீடு போச்சுன்னு சொல்லு. குட்டிங்க கண் திறந்ததும் நாங்களே அங்க வர்றோம்."

கண் திறந்ததும் அவள் குட்டிகளோடு மலையேறிவிட்டாள். பெருச்சாளி சேற்றின் நடுவே உட்கார்ந்து புதுப் பொட்டலங்களை அடுக்கியது.

"முன்னெல்லாம் இருபது வீட்டுக்குப் பங்கு போடணும். இப்ப ஊரில் இருக்கிறதே ஒரு வீடு! இப்படி ஒரு செழிப்பை எந்தக் குளம் கண்டிருக்கு!" என்றது. அதற்குத் தாகமாக இருந்தது.

வரும்படி பெருகினால் மட்டும் ஊர் பிழைக்காது. கரையில் இறங்கி மண் மிதிக்க ஆள் வர வேண்டும்.