முட்டளவுத் தண்ணீரில் ஒரு போட்டோ

பென்னாகரத்தில் நான் ஸ்டுடியோ வைத்திருந்த காலத்தில், காவிரிக்கரைத் தூண்டில் முகாமுக்குப் படம் எடுக்கப் போவேன். பிடித்த மீனை ஈரக் கையால்தான் தொட வேண்டும், தண்ணீரை விட்டுத் தூக்காமல் படமெடுத்து விட்டுவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். அதைப் பார்த்துக்கொள்வது பரிசல்காரி மாதம்மாளின் வேலை.

ஒருநாள் மில் முதலாளி தெய்வநாயகத்துக்கு முழங்கை நீளத்தில் ஒரு கெண்டை மாட்டியது.

"கரைக்குக் கொண்டா. நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடிச்சுப் படம் எடுக்கணும். மறுத்தா நாளைக்கு உனக்கு வேலை இருக்காது" என்றார்.

மாதம்மாள் மீனை வலையோடு தண்ணீரிலேயே வைத்திருந்தாள்.

"தூக்கலாங்க சாமி. ஆனா உங்க உடம்புக்கு முன்னால மீன் பொடிசாத் தெரியுமே. நீங்க தண்ணியில இறங்கி அதோட தலையை மட்டும் காட்டினா, மிச்சம் எவ்வளவு நீளமோன்னு பாக்கிறவங்க மலைச்சுப் போயிருவாங்க."

முதலாளி பேன்ட்டோடு இறங்கிவிட்டார்.

"கையை நனைச்சுக்கங்க, படத்துல பளபளன்னு இருக்கும்" என்றாள்.

நான் படமெடுத்ததும் மீன் வாலடித்துப் போய்விட்டது.

படம் அவர் வீட்டுக் கூடத்தில் வெகுகாலம் தொங்கியது. நான் போகும்போதெல்லாம், விருந்தாளிகளிடம் அவர் சொல்லும் நீளம் ஒரு சாண் கூடியிருக்கும். கடைசியில் ஆறடியாயிற்று. மாதம்மாளிடம் சொல்லிச் சிரித்தேன்.

"வளரட்டுங்க, உசுரோடதானே இருக்குது" என்றாள்.