கேமரா கொள்முதல் கோப்பு

ஷமீமா டீச்சரிடம் நான் மாணவனாகச் சேர்ந்தபோது எனக்கு அறுபது வயது. டீச்சருக்கு முப்பத்தைந்து இருக்கலாம்.

பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் கேமரா ரிப்பேர் கடை வைத்திருந்தார். பழைய கேமராக்களைச் சரிபண்ணி விற்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை மாடியில் படம் எடுக்கச் சொல்லிக்கொடுப்பார். காலேஜ் பிள்ளைகள் பத்துப் பேர், வழுக்கைத் தலையோடு நான் ஒருவன்.

படம் எடுக்கும் ஆசையில் நான் சேரவில்லை. ஒரு கேமரா வாங்க வேண்டியிருந்தது. வாங்குகிறவனுக்கு அந்தச் சாமானைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் கொள்கை. முப்பத்திரண்டு வருஷம் ஓர் அரசு அலுவலகத்தில் கொள்முதல் பிரிவில் இருந்தவன் நான். ஒரு டஜன் விளக்குமாறு வாங்கினாலும் மூன்று கடையில் விலைப்புள்ளி கேட்டு, ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு, குறிப்பு எழுதி, மேலே அனுப்பி, கையெழுத்தாகி வந்த பிறகுதான் வாங்குவேன். எந்தத் தணிக்கையிலும் இந்தக் குற்றாலிங்கத்தின் மேல் ஒரு வரி எழுதினது கிடையாது. அதில் எனக்கு ரொம்பப் பெருமை. இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

கேமரா என் மகள் கோமதிக்கு. கல்யாணமாகிப் பதினைந்து வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை. ஆறாம் வகுப்பு படிக்கும்போது கேட்டாள். நான் கோப்பு திறந்தேன்.

விலைப்புள்ளி தொண்ணூறு நாள்தான் செல்லும். மூன்று கடையிலும் வாங்கி நான் ஒப்பிட்டு முடிப்பதற்குள் நாள் கடந்துவிடும். மறுபடி கேட்க வேண்டும். இடையில் ஒரு மாடலை நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பதில் வருகிற மாடலைப் பற்றி நாலு பேர் நாலு விதமாக எழுதியிருப்பார்கள். தீபாவளிக்கு விலை குறையும் என்பார்கள். தீபாவளி வந்தால் பொங்கலுக்கு இன்னும் குறையும் என்பார்கள்.

"ஆறின கஞ்சி பழங்கஞ்சி. நீங்க அதை ஊசிப் போகவே விட்டுருவீங்க" என்று என் மனைவி செண்பகம் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு ஆபீஸ் நடைமுறை தெரியாது என்று நினைத்துக்கொள்வேன்.

இப்படியே கோமதி பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டாள். கோயம்புத்தூரில் காலேஜ் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு பஸ். செண்பகம் அவள்கூடப் போய் ஹாஸ்டலில் விட்டுவிட்டு வருவதாக ஏற்பாடு. அதற்குள் பிள்ளை கையில் கேமராவைக் கொடுத்துவிட வேண்டும். இப்போதும் வெறுங்கையோடு அனுப்பினால் என் மனசு ஆறாது.

சனிக்கிழமை சாயங்காலம் கோப்பைத் தூக்கிக்கொண்டு டீச்சர் கடைக்குப் போனேன். டீச்சர் ஒரு லென்ஸைக் கழற்றிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க அண்ணாச்சி. என்ன இது, வீட்டுப் பத்திரமா?"

"கேமரா ஃபைல், டீச்சர். எட்டு மாடல் இருக்கு. விலை அதிகமா இருக்கக் கூடாது, புதுசா பழகுற பிள்ளைக்குச் சுலபமா இருக்கணும். நீங்க ஒண்ணைச் சொல்லிட்டா நாளைக்கே வாங்கிருவேன்."

"போன மாசம் கிளாஸ்ல அந்த நர்சிங் பிள்ளை இதையேதானே கேட்டுச்சு? அன்னைக்கே சொன்னேனே."

சொன்னார்தான். கைக்கு அடங்கணும், பட்டனை அமுக்கினதும் முழிக்கணும், கீழே விழுந்தா நம்ம மனசு உடையக் கூடாது, அவ்வளவுதான் என்றார். அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அந்தப் பிள்ளையும் விலையைக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டது. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. எனக்கு அன்றைக்கு ராத்திரி பூராவும் அந்தப் பிள்ளையை நினைத்துத்தான் கவலை.

"அது பொதுவாச் சொன்னது டீச்சர். மாடல் சொல்லலையே."

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு கோப்பைத் திறந்தார். முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டார். கோமதியின் கடிதம் அது. எழுத்துப்பூர்வமாக வேண்டுகோள் இல்லாமல் கோப்பு திறக்க முடியாது என்று, பதினொரு வயதுப் பிள்ளையிடம் எழுதி வாங்கியிருந்தேன். விளையாட்டாகச் செய்ததாக ஊரில் சொல்லிக்கொள்வேன். விளையாட்டு இல்லை.

டீச்சர் மெதுவாகப் படித்தார்.

"அன்புள்ள அப்பா, எனக்கு ஒரு கேமரா வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்களும் நானும் நயினார்குளத்துக்குப் போய்ப் பறவைகளைப் படம் எடுக்கலாம். ஃபோனில் எடுத்தால் கொக்கு கொசு மாதிரி தெரிகிறது. சின்னக் கேமரா போதும். இப்படிக்கு கோமதி, ஆறு பி."

ஓரத்தில் சிவப்பு மையில் நான் எழுதியிருந்தேன்: பரிசீலிக்கலாம். விலைப்புள்ளி கோருக.

"பிள்ளைக்கு என்ன பதில் சொன்னீங்க?"

"பரிசீலனையில இருக்குன்னு."

"எத்தனை தடவை?"

"கேக்கும்போதெல்லாம் சொல்லுவேன். ஒன்பதாவது வந்த பிறகு அவ கேக்கலை."

"இந்த லெட்டர்ல எத்தனை கேட்டிருக்கா?"

"ஒண்ணுதான் டீச்சர். கேமரா."

டீச்சர் கடிதத்தை இன்னொரு முறை பார்த்தார். கோப்பை மூடி என் பக்கம் தள்ளினார். மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு சின்னக் கேமராவை எடுத்தார். வெள்ளிச் சாயம் அங்கங்கே போயிருந்தது. பாட்டரி மூடி நிற்காமல் ஒட்டுப்பட்டை போட்டிருந்தது. என் எட்டு மாடலில் எதனுடைய கால் தூசிக்கும் அது பெறாது.

"இதைக் கொண்டு போங்க. காலையில மகளைக் கூட்டிக்கிட்டு குளத்துக்குப் போயி ஒரு பறவையை எடுத்துட்டு வாங்க."

"எடுத்தா மாடல் சொல்லுவீங்களா?"

"எடுத்துட்டு வாங்க."

வீட்டுக்குப் போனேன். கோமதி பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். கேமராவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நாளைக்கா? சரிப்பா, வாரேன்" என்றாள். வீட்டுக்கு வந்த விருந்தாளி ஏதாவது கேட்டால் அவள் அப்படித்தான் சொல்லுவாள்.

காலை ஆறு மணிக்கு ஸ்கூட்டரில் நயினார்குளம் போனோம். குளத்தில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. கரையோரம் தாமரை இலைக்குப் பக்கத்தில் கறுப்பாக ஏதோ நீந்தியது. நான் கேமராவை எடுத்து, சுற்றுகிற பட்டனில் எதை வைப்பது என்று யோசித்தேன். ஓடுகிற மனுஷன் படம் ஒன்று, மலைப் படம் ஒன்று, பூப் படம் ஒன்று. பறவைக்கு எது? கண்ணாடியை மாற்றிப் போட்டுப் பார்ப்பதற்குள் அது தண்ணீருக்குள் மூழ்கிவிட்டது.

"பச்சைக் கலர்லயே வைங்கப்பா, அதுவே பாத்துக்கிடும்" என்றாள் கோமதி. "முக்குளிப்பான் அது. அந்தப் பக்கமா எந்திரிக்கும், பாருங்க."

சொன்ன இடத்தில்தான் அது எழுந்தது.

கேமராவை என் கையிலிருந்து வாங்கினாள். இரண்டு முழங்கையையும் விலாவோடு ஒட்டிக்கொண்டாள். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினாள். அமுக்கினாள். டீச்சர் எங்களுக்கு மூன்று வாரம் தலைபாடாக அடித்துக்கொண்டு சொல்லியும் எனக்கு வராத நிலை அது.

"இதெல்லாம் எங்க படிச்சேம்மா?"

"சவரி மாமா சொல்லிக்குடுத்தாங்க."

சவரிமுத்து எங்கள் பக்கத்துத் தெரு. ஆட்டோ ஓட்டுகிறவர். அவர் மகள் ஜெஸியும் கோமதியும் ஒரே வகுப்பு.

"அவருக்குக் கேமரா ஏது?"

"யார்கிட்டயோ பழசு ஒண்ணு வாங்கினாங்க. இதைவிட மோசம்ப்பா அது, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருப்பாங்க." சிரித்தாள். "ஞாயித்துக்கிழமை எங்க ரெண்டு பேரையும் ஆட்டோல இங்க கூட்டியாருவாங்க. சர்ச்ல எட்டு மணிப் பூசைக்குள்ள திரும்பிருவோம்."

"எப்போ?"

"ஏழாவது, எட்டாவது. ஒன்பதாவது பாதி வரைக்கும். பெறகு ஜெஸிக்கு டியூஷன் வந்துட்டு."

"உனக்குத்தானே ஞாயித்துக்கிழமை காலையில டியூஷன்? நான் அப்படித்தானே நினைச்சேன்?"

"இல்லப்பா. குளத்துக்குத்தான் போறேன்னு உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் போவேன். நீங்க பேப்பர்ல ஏதோ கோடு போட்டுக்கிட்டு இருப்பீங்க. சரின்னுவீங்க."

அது என்ன கோடு என்று எனக்குத் தெரியும். ஒப்பீட்டுப் பட்டியலுக்குப் போட்ட கோடு. எட்டுக் கட்டம், பதினான்கு வரிசை. ஸ்கேல் வைத்துப் போடுவேன்.

"இப்பவும் உனக்குப் பறவைன்னா பிடிக்குமா?"

யோசித்துத்தான் சொன்னாள். "பாத்தா பேர் தெரியும்ப்பா. எடுக்கணும்னு இப்ப தோணலை. அது அப்போ."

கோபமே இல்லை அவள் குரலில். ஒரு வார்த்தை திட்டியிருந்தால், முகத்தைத் திருப்பியிருந்தால், எனக்கு இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது என்று பிடித்துக்கொண்டிருப்பேன். அவள் என்னை எப்போதோ மன்னித்து, மறந்தும் போயிருந்தாள். குளத்தைப் பார்க்கிற மாதிரி திரும்பி நின்றுகொண்டேன்.

"போலாமாப்பா? இன்னும் பெட்டி கட்டி முடிக்கலை" என்றாள்.

வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. செண்பகம் வழிக்குப் புளியோதரை கட்டிக்கொண்டிருந்தாள். கோமதி பெட்டி மேல் ஏறி உட்கார்ந்து பூட்டிக்கொண்டிருந்தாள். கூடமாட ஒத்தாசை செய்யலாம் என்று போனால் எது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. பத்தரை மணிக்குச் சட்டையை மாட்டினேன்.

"எங்க கிளம்பிட்டீங்க, இந்நேரத்துல?" என்றாள் செண்பகம்.

"ஒரு வேலை. நீங்க பஸ் ஸ்டாண்டுக்குப் போங்க, நான் நேரா அங்க வந்துருதேன்."

கோமதி எட்டிப் பார்த்தாள். மறுபடி பெட்டிப் பூட்டுக்குத் திரும்பினாள்.

டீச்சர் கடைக்குப் போனபோது மணி பதினொன்று. அன்றைக்கு வகுப்பைச் சீக்கிரம் முடித்துவிட்டு, கீழே ஒரு ஃபிளாஷைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். கேமராவை மேஜையில் வைத்தேன். அதிலிருந்த படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். முக்குளிப்பான் அப்போதுதான் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கியிருந்தது. அலகில் சொட்டு நீர் நின்றது.

"நல்லா வந்திருக்கே. யாரு எடுத்தது?"

"மகதான்."

"புதுசா பழகுற பிள்ளைன்னீங்க?"

நடந்ததை எல்லாம் சொன்னேன். சவரிமுத்துவின் ரப்பர் பேண்ட் கேமராவை, எட்டு மணிப் பூசையை, ஸ்கேல் வைத்துப் போட்ட கோட்டை. அழக் கூடாது என்றுதான் இருந்தேன். சொந்த மகளைப் பற்றி இன்னொருவர் சொல்லித் தெரிந்துகொள்வதாவது பரவாயில்லை, அவளே சொல்லித் தெரிந்துகொள்கிற நிலைமை எந்தத் தகப்பனுக்கும் வரக் கூடாது. டீச்சர் திருப்புளியைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த ஆளு எத்தனை கடையில விலை கேட்டிருப்பான்? ஒரு கடையிலயும் கேட்டிருக்க மாட்டான்" என்றேன்.

டீச்சர் ஃபிளாஷிலிருந்து ஒரு திருகைக் கழற்றினார்.

"என் புத்தியைச் செருப்பால அடிக்கணும் டீச்சர்."



மூக்கைச் சிந்திக்கொண்டு கோப்பை விரித்தேன். "சரி, போனது போகட்டும். அங்க காலேஜ்ல ஏதாவது எடுப்பா. ஃப்ரெண்ட்ஸை எடுப்பா. இப்பவாவது வாங்கிக் குடுத்துருதேன். கடைசி மூணுல எதுன்னு மட்டும் சொல்லுங்க. ரெண்டாவதுல ஜூம் ஜாஸ்தி, ஆனா பாட்டரி நிக்காதாம். மூணாவது லேசா இருக்கு. வாங்கிட்டு அப்படியே பஸ் ஸ்டாண்டுக்குப் போயி கையில குடுத்துருவேன்."

"பஸ் எத்தனை மணிக்கு?"

"பன்னிரண்டுக்கு."

டீச்சர் திருப்புளியைக் கீழே வைத்தார். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று இருபத்தைந்து. என் விரல் இரண்டாவது மாடலுக்கும் மூன்றாவது மாடலுக்கும் நடுவில் கோட்டின் மேல் இருந்தது. டீச்சர் அந்த விரலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உங்க மகளை பஸ் ஸ்டாண்டுக்கு யாரு கூட்டிக்கிட்டுப் போறா, அண்ணாச்சி?"

பெட்டி நிறைய இருக்கிறது, நேரத்துக்கு வந்துவிடு, பிள்ளையைப் பத்திரமாக ஏற்றிவிடு என்று சவரிமுத்துவிடம் நேற்றே சொல்லி வைத்தவன் நான்தான். டீச்சர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெயர் என் வாயில் வரவில்லை.